பக்கவாதத்துக்குப் பிறகு வந்த திக்கல்: மறுபடி ஏலம் விட முடியுமா?

கேள்வி: குளச்சலில் மீன் ஏலம் விடுகிறேன். வயது 48. ஐந்து மாதங்களுக்கு முன் லேசான பக்கவாதம் வந்தது. கை, கால் சரியாகிவிட்டது, ஆனால் பேச்சு திக்குகிறது. சின்ன வயதில் எனக்குத் திக்கியதே இல்லை. ஜெபமாலை சொல்லும்போதுகூடத் தடுக்கிறது. 'பயப்படாமல் பேசுங்கள்' என்கிறாள் மனைவி. இது மனப்பயம்தானா? பழையபடி ஏலம் விட முடியுமா?

பதில்: நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது ஜெபமாலைதான். சிறுவயதுத் திக்கல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும். அப்படிப்பட்டவர்கள் பாடும்போதும், பத்துப் பேரோடு சேர்ந்து ஜெபம் சொல்லும்போதும் பெரும்பாலும் தடையில்லாமல் சொல்லிவிடுவார்கள். ஒரே பத்தியை நாலைந்து முறை வாசிக்கச் சொன்னால் போகப்போகத் திக்கல் குறையும்.

பக்கவாதம் போன்றவற்றால் மூளை பாதிக்கப்பட்டு வரும் திக்கல் வேறு மாதிரி. மனப்பாடமாகத் தெரிந்த மங்கள வார்த்தை ஜெபத்திலும் தடுக்கும். சொல்லின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் சிக்கும்: 'நூற்றி-றி-றியெண்பது'. திரும்பத் திரும்ப வாசித்தாலும் பெரிதாகக் குறையாது. நீங்கள் சொல்வது இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பயம் இருக்கலாம், ஆனால் அது திக்கலுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததாக இருக்கும். (மன அழுத்தத்தாலும் பெரியவர்களுக்குத் திக்கல் வருவதுண்டு. அதுவும் நடிப்பல்ல.)

இதைக் கடிதத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் திக்கலைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் காட்டுங்கள். வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகள்கூடத் திக்கலை உண்டாக்கும். அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் ஒரு பேச்சு சிகிச்சையாளரிடம் போக வேண்டும். வார்த்தை நினைவுக்கு வராத கோளாறா, நாக்குத் தசை தளர்ச்சியா, திக்கலா என்று அவர் பிரித்துப் பார்ப்பார். மூன்றுக்கும் பயிற்சி வேறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். திருவனந்தபுரத்தில் பேச்சு, செவித்திறனுக்கென்றே 'நிஷ்' நிறுவனம் இருக்கிறது.

அதுவரை வீட்டில் செய்ய ஒன்று உண்டு. 'மெதுவாகப் பேசு' என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். அதற்குத் தாளம் வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் விரலால் தொடையில் ஒரு தட்டு: நூற்-றி-யெண்-ப-து. 'ஏலம்' மாதிரி உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை மூச்சை லேசாக வெளியே விட்டபடி மெல்லத் தொடங்குங்கள், இடித்துத் தொடங்க வேண்டாம். தினமும் இரண்டு தடவை, பத்து நிமிடம் போதும். களைத்திருக்கும்போது திக்கல் கூடுவது பலருக்கும் உண்டு, அதை வைத்து மனம் விட்டுவிடாதீர்கள். தன் குரலையே காதில் சற்றுத் தாமதமாகக் கேட்க வைக்கும் கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. சிலருக்கு உதவும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. சிகிச்சையாளர் முன்னால் போட்டுப் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை: வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அவர் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் வரும் திக்கல் பலருக்கு முதல் சில மாதங்களில் குறைகிறது. சிலருக்குத் தங்கிவிடுகிறது. உங்களுக்கு எது என்று இப்போதே சொன்னால் அது ஜோசியம். ஆனால் திடீரென்று திக்கல் அதிகமானாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூளையின் ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஏல விஷயத்துக்கு வருவோம். ஏலம் என்பது பேச்சின் ஓட்டப்பந்தயம். கால் முறிந்து எழுந்தவர் அதில் தொடங்க மாட்டார். முதலில் வரத்து குறைந்த நாளில், சின்னக் குவியல் ஒன்றை மட்டும் எடுங்கள். நன்றாகப் பழகிய வியாபாரிகள் இருந்தால் நல்லது. 'பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சு தடுக்குது, விலையைக் கொஞ்சம் நிதானமாத்தான் சொல்லுவேன்' என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மறைக்க முயலும்போதுதான் நாக்கு அதிகம் கட்டிக்கொள்கிறது. பெரிய வரத்து நாட்களில் கொஞ்ச காலத்துக்கு மச்சானோ மகனோ விலை கூறட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கணக்கைப் பாருங்கள்.