இரண்டு மோட்டர், ஒரு பால்மாப் பேணி: வகுப்பறை ரோபோ வண்டி பற்றிய கேள்வி பதில்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைதோறும் தரம் 8, 9 பிள்ளைகளோடு ரோபோ வண்டி கட்டுகிறேன். இரண்டு மஞ்சள் கியர் மோட்டர், முன்னால் ஓர் உருளைச் சக்கரம், ஆர்டுயினோ பலகை (நிரலை ஓட்டும் சிறு கணினி), மோட்டர் டிரைவர் (பலகையின் கட்டளைப்படி மோட்டருக்கு மின்னைக் கொடுக்கும் சுற்று), பற்றரி. வண்டி இவ்வளவுதான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

ஆசிரியை, கொட்டாஞ்சேனை: சேர், பலகையின் விளக்கு நன்றாக எரிகிறது. மோட்டர் சுழலத் தொடங்கியதும் அணைந்து மறுபடி எரிகிறது. நிரலில் பிழையா?

நிரலில் பிழை இல்லை, ரீச்சர். நீங்கள் போட்டிருப்பது சதுர வடிவ 9 வோல்ற்றுப் பற்றரியாகத்தான் இருக்கும். அதற்குள் ஆறு சின்னஞ்சிறு கலங்கள் இருக்கின்றன. சொற்ப மின்னோட்டம் கேட்கும் கருவிகளுக்கே அது பொருந்தும். நம் மோட்டர் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் ஒன்றே ஓர் அம்பியர் அளவுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் பற்றரியின் அழுத்தம் சரிந்து, பலகை அணைந்து மறுபடி தொடங்குகிறது. மோட்டருக்கு நான்கு ஏஏ கலங்களையும் பலகைக்குத் தனியாக ஒரு பவர் பேங்கையும் கொடுங்கள். இரண்டின் கிரவுண்ட் (மறை முனை) கம்பிகளும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். சில பவர் பேங்குகள் பலகை இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் தாமாகவே அணைந்துவிடும். ஆகவே வாங்கும் முன் பலகையைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன்: முதல் ஓட்டம் தரையில் வேண்டாம். வண்டியைப் பால்மாப் பேணியின் மேல் வைத்து, சக்கரங்கள் காற்றில் சுழலட்டும். எது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்த பிறகு இறக்குங்கள். மேசையிலிருந்து பாய்ந்து உடைந்த வண்டியைப் பார்த்து அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

தரம் 10 மாணவன், தெமட்டகொடை: மின்னேற்றக்கூடிய நான்கு கலங்கள் போட்டேன். வண்டி ஊர்கிறது.

தம்பி, அந்தக் கலம் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, ஆக மொத்தம் 4.8. உங்களிடம் இருப்பது பெரிய கறுப்பு வெப்பத்தகடு வைத்த எல்298என் டிரைவர் என்றால், அது ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். மோட்டருக்கு மிஞ்சுவது மூன்றுக்கும் குறைவு. டிபி6612 என்ற சிறிய டிரைவரில் இந்த இழப்பு மிகக் குறைவு.

ஒரு தந்தை, தெஹிவளை: பாகங்கள் எங்கே வாங்குவது?

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. மோட்டர் ஒன்று மேலதிகமாக வாங்குங்கள்.

ஆசிரியர், பம்பலப்பிட்டி: எங்கள் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கிறது. நிரலில் வலது மோட்டரின் வேக எண்ணை 255இலிருந்து (அதுதான் முழு வேகம்) 225 ஆக்கினேன், நேராகப் போனது. அடுத்த வாரம் மறுபடி இழுக்கிறது.

எண்ணை மாற்றி நோயை மூடினீர்கள், நோய் உள்ளேயே இருக்கிறது. இடது பக்கத்தில் எங்கோ உராய்வு கூடியிருக்கிறது என்று வையுங்கள். பற்றரி புதிதாக இருக்கும்போது அந்த உராய்வு பெரிதாகத் தெரியாது. அழுத்தம் குறையக் குறைய, உராய்வுள்ள பக்கம் மற்றதைவிடக் கூடுதலாகத் தளரும். அதனால் இன்று பொருந்திய எண் அடுத்த வாரம் பொருந்தாது.

தரையில் 2 மீற்றர் நீளத்துக்கு நேராக ஒட்டுநாடா ஒட்டுங்கள். 65 மில்லிமீற்றர் சக்கரத்துக்கு அது ஏறத்தாழப் பத்துச் சுற்று. ஐந்து முறை ஓடவிட்டு, முடிவில் எத்தனை சென்ரிமீற்றர் விலகியது என்று ஒவ்வொரு முறையும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். பிறகு இரண்டு மோட்டர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். சக்கரங்கள் அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். இழுப்பு வலப்பக்கம் போனால் குற்றம் மோட்டரில். இடப்பக்கமே நின்றால் சக்கரம், டிரைவர், கம்பி, முன் உருளை இவற்றில் ஒன்று.

பொறியியல் மாணவி, மொறட்டுவை: இவ்வளவு சிரமம் ஏன் சேர்? சக்கரச் சுற்றை எண்ணும் உணரி போட்டால் நிரலே திருத்திக்கொள்ளுமே.

திருத்தும், பிள்ளை. சக்கரத்தோடு சுழலும் இருபது துளைத் தட்டில், உணரி எண்ணும் ஒரு துளைக்கு வண்டி ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் நகரும், அது நல்ல அளவு. உங்கள் வயதில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் தரம் 9 பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், அச்சில் நூல் சிக்கியிருப்பதை நிரல் மறைத்துவிடும். பிள்ளை அந்த நூலை ஒருபோதும் காணாது.

பம்பலப்பிட்டி ஆசிரியர்: 40 நிமிடப் பாடவேளையில் ஐந்து முறை அளக்க முடியுமா? வண்டி ஓடினால் போதும் என்று அதிபர் எதிர்பார்க்கிறார்.

முடியும். ஒரு பாடவேளையில் கட்டாதீர்கள், அளக்க மட்டும் செய்யுங்கள். கண்காட்சிக்கு முதல் நாள் ஆசிரியரே இரவிரவாகச் சரிசெய்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் பார்வையாளர் "ஏன் இழுக்கிறது?" என்று கேட்டபோது பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் அநியாயம் செய்துவிட்டோம்.

மாணவி, கொள்ளுப்பிட்டி: மோட்டர் தொடங்கினால் பலகை அணைகிறது. 9 வோல்ற்றுப் பற்றரி போட்டிருக்கிறேன்.

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு தாய், மட்டக்குளி: பழைய மடிக்கணினியின் லித்தியம் கலங்களை மகன் கழற்றி வைத்திருக்கிறான். பயன்படுத்தலாமா?

வேண்டாம் அம்மா. 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறினாலும், கம்பி குறுக்கே தொட்டுவிட்டாலும் அவை தீப்பிடிக்கலாம். இன்றே அவனிடமிருந்து வாங்கி, இரு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டித் தனியே வையுங்கள்.

மாணவன், வெள்ளவத்தை: கழியொலி உணரி (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியால் தூரம் அளப்பது) சுவரைக் காண்கிறது, திரைச்சீலையில் போய் மோதுகிறது. கொழும்பு வெக்கையால் ஒலியின் வேகம் மாறியதா?

அழகான கேள்வி. 20 பாகை செல்சியசில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர், 30 பாகையில் ஏறத்தாழ 349. 1 மீற்றர் தூரத்தில் பிழை 2 சென்ரிமீற்றரைத் தாண்டாது. காரணம் துணிதான். அது ஒலியை உறிஞ்சிவிடுகிறது, எதிரொலி திரும்பவில்லை. சரிந்து நிற்கும் மட்டையும் எதிரொலியை வேறு பக்கம் திருப்பிவிடும். புத்தகத்தை நேராகவும் சரித்தும் பிடித்து அளந்து பாருங்கள். வண்டி பேணியின் மேல் இருக்கட்டும்.

ஒரு வாசகர்: 9 வோல்ற்றுப் பற்றரி இரண்டைச் சேர்த்தால்?

வேண்டாம்.

இன்னொருவர்: ட்ரோன் செய்வது எப்படி?

என் துறை அல்ல.

பம்பலப்பிட்டி ஆசிரியர்: மோட்டர்களை மாற்றினோம். இன்னும் இடப்பக்கமே இழுக்கிறது. விலகல் 31, 28, 33, 30, 29 சென்ரிமீற்றர்.

ஐந்தும் நெருக்கமாக இருக்கின்றன, நன்றாக அளந்திருக்கிறார்கள். மோட்டரில் குற்றம் இல்லை. இப்போது சக்கரங்களை மட்டும் இடம் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் இடது சக்கரத்தைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் தலைமுடி சிக்கியிருக்கிறதா என்று ஒரு பிள்ளை பார்க்கட்டும்.