சிம் மாற்றலாமா, வேண்டாமா? ரீசார்ஜ் கடையிலிருந்து சில பதில்கள்

கும்பகோணம் பக்கம் 16 வருடமாக சிம், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்த நாளில் கட்டணத்தை ஏற்றின. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “வேற கம்பெனிக்கு மாறிடலாமா?” நீங்கள் அனுப்பிய கேள்விகளும் பெரும்பாலும் அதேதான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டில் நான்கு பேர், நான்கு சிம். ஒவ்வொன்றுக்கும் 28 நாளுக்கு 299 ரூபாய், தினம் 1.5 ஜிபி பிளான் போடுகிறோம். பிஎஸ்என்எல் மலிவு என்கிறார்கள். நான்கையும் மாற்றிவிடலாமா அண்ணா? (திருவிடைமருதூர்)

நான்கையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் அக்கா.

முதலில் கணக்கு. 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை ரீசார்ஜ். ஒரு சிம்முக்கு 3,887 ரூபாய். நான்குக்கு 15,548 ரூபாய். நல்ல தொகைதான், யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த 1.5 ஜிபியை யார் யார் தினமும் தீர்க்கிறார்கள் என்று பார்த்தீர்களா? போனில் செட்டிங்ஸ் போய், டேட்டா யூசேஜ் என்று இருக்கும் இடத்தைத் திறந்து, நான்கு போனிலும் போன மாதக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் ஒருவரோ இருவரோ மாதம் முழுக்க 5 ஜிபிகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கம்பெனியை மாற்ற வேண்டியதே இல்லை, பிளானை மாற்றினால் போதும்.

அப்புறம் டவர். விலையைவிட இதுதான் முக்கியம் என்று நான் கடையில் சண்டை போடாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று ஊருக்குப் பொதுவாகப் பதிலே கிடையாது. உங்கள் சமையலறையில் எது எடுக்கிறது என்பதற்குத்தான் பதில் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பழைய நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு, மாறப்போகும் கம்பெனியில் புது நம்பர் ஒன்று வாங்கி, போனின் இரண்டாவது ஸ்லாட்டில் ஒரு மாதம் போட்டுப் பார்ப்பது. படுக்கும் அறை, கொல்லைப்புறம், பிள்ளைகள் போகும் பஸ், நீங்கள் வேலை பார்க்கும் இடம், எல்லா இடத்திலும் அதிலிருந்து பேசிப் பாருங்கள். ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணிக்குள் கட்டாயம் பாருங்கள். ஊரே வீடியோ பார்க்கும் நேரம் அது. சிக்னல் கோடு முழுசாக நிற்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடு காட்டுவது டவர் எவ்வளவு நன்றாக எட்டுகிறது என்பதை மட்டும்தான். அந்த டவரில் எவ்வளவு கூட்டம் என்பதை அது காட்டாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம்பரைப் போர்ட் செய்துவிட்டால், அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டால், அடுத்த 90 நாளுக்கு வேறு எங்கும் மாற முடியாது. பிடிக்கவில்லை என்றாலும் மூன்று மாதம் அதிலேயே இருந்தாக வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரி பிஎஸ்என்எல் சிம் ஒன்றை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். பக்கத்து வீட்டில் 4ஜி வருகிறது, எனக்கு வரவில்லை. என் போனும் 4ஜி போன்தான். (மன்னார்குடி)

மூன்று காரணம் இருக்கலாம் தம்பி. ஒன்று, உங்கள் சிம் வீட்டில் கிடந்த பழைய 3ஜி சிம்மாக இருக்கும். பிஎஸ்என்எல் சேவை மையத்தில் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு, பிஎஸ்என்எல் 4ஜி முக்கியமாக 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. 700 என்பது போன் விவரப் பட்டியலில் ‘பேண்ட் 28’ என்று இருக்கும். சில பழைய 4ஜி போன்களில் இது கிடையாது. மூன்று, கால் பேசும்போது மட்டும் 4ஜி போகிறது என்றால் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே கால் பேசும் வசதி. செட்டிங்ஸில் அந்த சிம்முக்கு வோல்ட்டி வசதி திறந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட் 4ஜியில் வரும், கால் வந்ததும் 2ஜிக்கு இறங்கிவிடும்.

பிஎஸ்என்எல் 4ஜி வெளிநாட்டுக் கருவியை வாங்கி மாட்டியது இல்லை. டவர் ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க்கின் மையப் பகுதி (கோர்) அரசு நிறுவனமான சி-டாட், எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தது டிசிஎஸ். 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நாடு முழுவதற்குமாக முறைப்படி தொடங்கி வைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ சொன்ன அனுபவத்தை வைத்து இன்று முடிவெடுக்காதீர்கள். ‘நல்லா இருக்கு’ என்று சொன்னாலும் சரி, ‘மோசம்’ என்று சொன்னாலும் சரி.

கேள்வி: அம்மாவிடம் பழைய பட்டன் போன். பேசுவது மட்டும்தான். ஏர்டெல்லில் இருந்து ஜியோவுக்கு மாற்றினால் கொஞ்சம் மிச்சம் ஆகுமா? (அரியலூர்)

மாற்றாதீர்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது, 4ஜியும் 5ஜியும்தான். அம்மாவின் பழைய போனில் அந்த சிம்மைப் போட்டால் டவரே காட்டாது. போன வருடம் ஒரு பெரியவர், பேரன் போர்ட் செய்து கொடுத்த சிம்மோடு வந்து, “போன் ரிப்பேர், பாருப்பா” என்று கையில் கொடுத்தார். பேட்டரியை எடுத்துத் துடைத்து, சிம்மின் தங்க நிறப் பகுதியை வேட்டி நுனியால் தேய்த்து, இரண்டு நாளாக அவரே என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். போனில் ஒன்றும் இல்லை. அந்த போனுக்கு அந்த சிம் சேராது, அவ்வளவுதான். ஜியோவுக்கே போக வேண்டும் என்றால் ஜியோபாரத் மாதிரி 4ஜி பட்டன் போன் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பிளான் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அவற்றைக் கொண்டுவந்தன. அப்போது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். இன்றைய விலையை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பைத் திறந்தவுடன் அது கண்ணில் படாது, கீழே இறக்கிக்கொண்டே போக வேண்டும். கடையில் கேட்டாலும் ‘வாய்ஸ் ஒன்லி’ என்று பேர் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டால் பணம் மிச்சம் என்பது ஒரு பக்கம், “எப்ப முடியும், எப்ப முடியும்” என்ற கவலையும் அவர்களுக்கு இல்லை.

கேள்வி: போர்ட் செய்ய எத்தனை நாள் ஆகும்? (பலர்)

ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணை அடித்து 1900 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். ரீசார்ஜில் எஸ்எம்எஸ் வசதி இல்லாத பிளானாக இருந்தாலும் இந்த எஸ்எம்எஸ் போக வேண்டும், அப்படித்தான் விதி. யூபிசி என்ற 8 எழுத்துப் போர்ட் குறியீடு வரும். அது 4 நாள்தான் செல்லும். அதற்குள் அடையாள அட்டையோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போங்கள். தமிழ்நாடு, சென்னை, புதுச்சேரி எல்லாம் ஒரே தொலைத்தொடர்பு வட்டம், அதற்குள் 3 வேலை நாள். கேரளா, கர்நாடகா நம்பராக இருந்து இங்கே வந்தால் 5 வேலை நாள்.

சமீபத்தில் சிம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கியிருந்தால் 7 நாள் வரை யூபிசி தர மாட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் வந்த விதி இது. திருடன் ஒருவன் உங்கள் பெயரில் சிம் எடுத்து உடனே வேறு கம்பெனிக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. மனம் மாறினால் விண்ணப்பம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் கேன்சல் என்று அடித்து, எண்ணையும் சேர்த்து, அதே 1900க்கு அனுப்பலாம்.

பழைய சிம்மில் மிச்சம் இருக்கும் நாளும் பேலன்ஸும் கூட வராது. அதனால் வருட பிளான் போட்ட இரண்டாவது மாதத்தில் போர்ட் செய்ய வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: போஸ்ட்பெய்டில் இருக்கிறேன். யூபிசி கேட்டால் மறுத்துவிட்டார்கள். (திருச்சி)

கெடு தாண்டிய பில் பாக்கி இருக்கும். கட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள். அலுவலகப் பெயரில் உள்ள நம்பர் என்றால் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

கேள்வி: மாறும்போது பேங்க் ஓடிபி, ஜிபே எல்லாம் என்ன ஆகும்? (தஞ்சாவூர்)

நம்பர் மாறாததால் வங்கியில் போய் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் புது சிம்மைப் போட்டதும் யுபிஐ ஆப்கள் அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி சரிபார்க்கும். வங்கி ஆப்களும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் ரீசார்ஜை எஸ்எம்எஸ் இல்லாத பிளானாகப் போட்டுவிட்டால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

என் கடை வாடிக்கையாளர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று பார்க்காமல் போர்ட் கொடுத்துவிட்டார். காலை 5 மணிக்குப் பழைய சிம் செத்தது. புது சிம் 9 மணிக்குப் பிறகு உயிர் வந்தது. வந்தும், ஓடிபி மட்டும் சாயங்காலம் வரை வரவில்லை. அன்று மாலை மூன்று பேரிடம் கைமாற்று வாங்கி நேரில் போய்க் கட்டினார்கள். அந்தப் பெண் என் கடை வாசல் படியில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டணம், தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி என்று எது இருந்தாலும் அந்த வாரத்தில் போர்ட் வேண்டாம். கையில் 2,000 ரூபாயாவது ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: “ஆஃபரில் மாற்றித் தருகிறோம், உங்களுக்கு வந்த யூபிசியைச் சொல்லுங்கள்” என்று ஒருவர் போன் செய்தார். சொல்லலாமா? (கரூர்)

சொல்லவே சொல்லாதீர்கள். யூபிசியை ஓடிபி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கடைக்குப் போய், உங்கள் கண் முன்னால் மட்டும் கொடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி, மூன்றாவது மாடி. வீட்டுக்குள் கால் கட் ஆகிறது. மலிவான கம்பெனிக்குப் போனால் இன்னும் மோசமாகுமோ என்று பயம். (வேளச்சேரி)

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் போனில் வைஃபை காலிங் திறந்துவிடுங்கள் சார். கால் வைஃபை வழியாகப் போகும். உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும், மாறுவதற்கே அவசியம் இருக்காது. மாறத்தான் வேண்டும் என்றால், போகிற கம்பெனியில் உங்கள் போன் மாடலுக்கு அந்த வசதி வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. 5ஜி அளவில்லாமல் கிடைக்கும் என்று நம்பி 1.5 ஜிபி பிளான் போடுகிறவர்கள் நிறைய. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அதைத் தினம் 2 ஜிபி, அதற்கு மேல் உள்ள பிளான்களுக்குத்தான் என்று ஆக்கிவிட்டன. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: 2025 ஆகஸ்டில் பிஎஸ்என்எல் 1 ரூபாய்க்கு ஒரு மாதம் கொடுத்தது. அது மாதிரி வந்தால் போர்ட் செய்யலாமா? (நாகப்பட்டினம்)

அது புது இணைப்புக்கான சலுகை, 30 நாள்தான். போர்ட் செய்ய இல்லை, சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. இரண்டாவது ஸ்லாட்டுக்கு அப்படித்தான் வாங்க வேண்டும். 31ஆவது நாளிலிருந்து என்ன விலை என்பதை வைத்து மட்டும் நிரந்தர முடிவு எடுங்கள்.

கேள்வி: மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். ஓடிபிக்காக மட்டும் இந்திய நம்பர். அங்கிருந்தபடியே போர்ட் செய்யலாமா? (இராமநாதபுரம்)

வேண்டாம் அம்மா. புது சிம் வாங்க ஆளும் அடையாளச் சரிபார்ப்பும் இங்கே வேண்டும். வேறு யாரோ பெயரில் வாங்கிவிட்டால் பின்னால் வங்கியில் பெரிய தலைவலி. விடுமுறையில் வந்த முதல் வாரமே போர்ட் கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் இல்லை. திரும்பிப் போவதற்குள் எல்லா வங்கி ஓடிபியும் வருகிறதா என்று பார்க்க நேரம் இருக்கும்.

கேள்வி: மாறிய கம்பெனியை நாளைக்கு மூடிவிட்டால்? ஏர்செல் அனுபவம் மறக்கவில்லை. (கோயம்புத்தூர்)

நானும் மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் டவர் போனதும் காலை 7 மணிக்கே கடை வாசலில் வரிசை. யூபிசி எஸ்எம்எஸ் அனுப்பவே சிக்னல் இல்லாமல், இரண்டு கோடு எடுக்கும் இடம் தேடி மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஆனால் விடாமல் முயன்று போர்ட் செய்தவர்களுக்கு நம்பர் தப்பியது. அதனால் ‘மூடிவிடுவார்கள்’ என்ற பயத்தில் மட்டும் மலிவானதை ஒதுக்க வேண்டாம். எண் உங்களோடு வரும். வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இமெயிலையும் பதிந்து வையுங்கள், வீட்டில் ஒரு சிம்மாவது வேறு கம்பெனியில் இருக்கட்டும். திருவிடைமருதூர் அக்காவிடம் நான்கையும் மாற்ற வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எஸ்டேட் பள்ளியில் ஆசிரியை. இங்கே ஒரு கம்பெனி டவர்தான் நன்றாக எடுக்கிறது, அதுதான் விலை அதிகம். மலிவான இன்னொன்று பள்ளிக்கூடத்தில் எடுக்கிறது, குடியிருப்பில் எடுப்பதில்லை. (வால்பாறை)

டீச்சர், உங்கள் எண்ணைத் தொடாதீர்கள். அதை இருக்கும் கம்பெனியிலேயே பேச்சு மட்டும் உள்ள நீண்ட பிளானுக்கு மாற்றுங்கள். மலிவானதில் ஒரு டேட்டா சிம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் பயன்படுத்துங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மலையில் கரண்ட் போனால் டவர் பேட்டரியில் நிற்கும், டீசல் ஜெனரேட்டர் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். கரண்ட் போன நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, எந்த டவர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று இரண்டு சிம்மிலும் பாருங்கள். ராத்திரி ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட வேண்டி வந்தால் அந்த மணி நேரம்தான் கணக்கு. இந்த மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு டிசம்பரில் எனக்கு எழுதுங்கள், அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்வோம்.