மாடல் ரயிலைப் பழைய காலத்துப் படமாக எடுப்பது: கேள்வி பதில்

மாடல் ரயில் லேஅவுட்டை, அதாவது தண்டவாளமும் ஸ்டேஷனுமாக அமைத்த குட்டி ரயில் காட்சியை, நூறு வருடப் பழைய படம் போல எடுப்பது எப்படி என்று வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், என் ஹெச்ஓ லேஅவுட்டை மொபைலில் எடுத்து செப்பியா ஃபில்டர் போட்டேன். பொம்மை ரயில் பழுப்பாகத் தெரிகிறதே தவிர பழைய படமாகத் தெரியவில்லை. எங்கே தப்பு?

பதில்: கேமரா இருந்த உயரத்தில். அந்தக் காலத்து போட்டோகிராபர் பெரும்பாலும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையில் நின்றுதான் எடுத்தார். அவர் கண் உயரம் 160 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஹெச்ஓ என்ற மாடல் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. வகுத்தால் சுமார் 18 மில்லிமீட்டர். உங்கள் லென்ஸ் லேஅவுட் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்க வேண்டும். நாம் நின்றபடி மேலிருந்து எடுத்தால் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த மாதிரி ஆகிவிடும். மொபைலைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் கீழே வந்துவிடும். தண்டவாள ஓரத்தில் அப்படியே ஊன்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் போடும் முன்பே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: அப்போ செப்பியாவே வேண்டாமா?

பதில்: எந்த வருடத்துப் படம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 19ஆம் நூற்றாண்டு என்றால் பழுப்பு பொருந்தும். அன்றைய ஆல்புமென் பிரிண்ட் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்டது, நாளாக ஆக வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகிவிடும். 1930, 40களின் ரயில் படங்கள் பெரும்பாலும் சுத்தமான கறுப்பு வெள்ளை. அதன் மேல் பழுப்பு பூசினால் என் கண்ணை உறுத்துகிறது.

கேள்வி: அண்ணா, 1910 வாக்கில் இருப்பதுபோல ஒரு ஸ்டேஷன் செய்திருக்கிறேன். பின்னால் வானம் வரைய எனக்கு வராது. என்ன செய்யலாம்?

பதில்: வரையவே வேண்டாம் தம்பி. வெள்ளை சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள், அதுதான் சரியான வானம்.

காரணம் சொல்கிறேன். அப்போது அதிகம் புழங்கியது ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகைக் கண்ணாடி பிளேட்டும் ஃபிலிமும். நீலமும் பச்சையும் அதில் பதியும், சிவப்பு பதியவே பதியாது. எல்லா நிறமும் பதிகிற பான்குரோமாட்டிக் பிளேட் 1906இலேயே விற்பனைக்கு வந்தாலும், பரவலாகப் புழங்க 1920கள் ஆகிவிட்டன. நீல வானம் ஆர்த்தோவில் வெளுத்துப் போகும், மேகமும் அதோடு கரைந்துவிடும். அதனால்தான் அந்தப் படங்களில் வானம் வெறும் தாளாகக் கிடக்கிறது.

இதே குணத்தை வைத்து இன்னொன்றும் செய்யலாம். என் லேஅவுட் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு. அவர்களுடைய பயணிகள் பெட்டிக்கு டஸ்கன் ரெட் என்று ஓர் அடர் சிவப்பு. சாதாரணமாகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அது சாம்பலாகத்தான் வந்தது. எடிட்டிங்கில் சிவப்பு ஸ்லைடரைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கி, பச்சையையும் நீலத்தையும் பாதிப் பாதி வைத்தேன். பெட்டி கரியாகக் கறுத்தது. செங்கல் சுவரும் இருண்டது. பிளாட்பாரத்தில் நிற்கிற, ஒரு அங்குலம்கூட இல்லாத மனிதர்களின் முகம் வெயிலில் காய்ந்த முகமாக ஆனது. அன்றைக்கு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பின்னால், 1870 பக்கம் போக வேண்டுமென்றால் நீலத்தை மட்டும் வையுங்கள். அப்போது புழங்கிய கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய கண்ணாடி பிளேட்டில் பச்சைகூடச் சரியாகப் பதியாது, மரமெல்லாம் இருண்டு நிற்கும்.

கேள்வி: என் படங்களில் நிழல் நாலு பக்கமும் விழுகிறது.

பதில்: அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கு வையுங்கள், சின்னதாக, தூரத்தில். வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலம்தான். 3 சென்டிமீட்டர் விளக்கு அதே அளவாகத் தெரிய மூன்றே கால் மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் நிழலின் ஓரம் கூர்மையாக விழும். முடிந்தால் ஸ்டேஷனைக் கழற்றி மொட்டைமாடிக்கு எடுத்துப் போங்கள். காலை வெயிலை எந்த விளக்கும் ஈடுகட்டாது.

கேள்வி: என்ஜின் ஃபோகஸில் இருக்கிறது, மூன்றாவது பெட்டியே மங்கிவிடுகிறது. பொம்மை என்று உடனே தெரிந்துவிடுகிறது.

பதில்: ஆமாம், குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் இதில்தான். கேமராவில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 16, 22 வரை மூடலாம், அதற்கு மேல் படமே மழுங்கும். ட்ரைபாடில் வைத்து ஃபோகஸை மட்டும் முன்னாலிருந்து பின்னால் நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, ஃபோகஸ் ஸ்டாக்கிங் மென்பொருளில் சேர்த்துவிடுங்கள். ஓரத்துச் செடி கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. என்ஜின் முகப்பிலிருந்து கடைசிப் பெட்டி வரை தெளிவாக வேண்டும்.

அப்புறம், எடுக்கும் முன் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஒரு முறை பாய்லர் மேல் தலைமுடி ஒன்று கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் யாரோ கயிறு போட்டுக் கட்டியது போல இருந்தது. 0.07 மில்லிமீட்டர் முடி 87 மடங்கில் 6 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது.

கேள்வி: கிரெய்னும் (பழைய ஃபிலிமில் தெரிகிற பொடிப் புள்ளிகள்) கீறலும் எவ்வளவு போடலாம்?

பதில்: 8-க்கு 10 அங்குலக் கண்ணாடி பிளேட்டில் எடுத்த படத்தில் கிரெய்ன் கண்ணுக்கே தெரியாது. 1950களின் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் என்றால் கொஞ்சம் போடுங்கள். கீறல் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்க போட்டோகிராபர் ஓ. வின்ஸ்டன் லிங்க் எடுத்த இரவுப் படங்கள் மாதிரி முயற்சி செய்யலாமா சார்?

பதில்: தாராளமாக. அவர் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனியின் நீராவி என்ஜின்களை எடுத்தபோது, நிறைய ஃபிளாஷ் பல்புகளை வயரில் கோத்து ஒரே நொடியில் எரியவிட்டார். ஓடுகிற ரயில், வேறு வழியில்லை. நம் ரயில் சொன்ன இடத்தில் நிற்கும். அறையை இருட்டாக்கி ஷட்டரை 20 விநாடி திறந்து வையுங்கள். ஒரு சின்ன டார்ச்சால் முதலில் சக்கரங்களைப் பக்கவாட்டிலிருந்து, பிறகு ஸ்டேஷன் சுவரை, கடைசியாகப் புகையை வருடுங்கள். ஒரே டார்ச் எல்லா பல்புகளின் வேலையையும் செய்துவிடும். டார்ச் முனை லென்ஸ் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகைக்குப் பஞ்சை மெல்லிசாகப் பிரித்து வையுங்கள். கறுத்த வானத்தில் ஃபிளாஷ் பட்ட நீராவி வெள்ளையாகத்தான் தெரியும்.

கேள்வி: நன்றாக வந்தால் ஜனங்கள் நிஜம் என்றே நம்பிவிடுவார்களே, அது சரியா?

பதில்: சரியில்லை. என் படம் ஒன்று 1912இல் எடுத்ததாகக் கைமாறி எனக்கே திரும்பி வந்தது. அனுப்பியவர் உண்மை என்றே நம்பியிருந்தார். ரயில் வரலாறு தேடுகிறவர்களுக்கு இப்படி ஒரு படம் பெரிய தொந்தரவு, அதனால் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தக் காலத்து போட்டோகிராபர்கள் நெகட்டிவின் ஓரத்தில் கறுப்பு மையால் ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதுவார்கள், பிரிண்டில் அது வெள்ளைக் கையெழுத்தாக விழும். இப்போது நானும் அதே மாதிரி கீழ் மூலையில் வெள்ளையில் எழுதிவிடுகிறேன்: மாடல், 1:87, எடுத்த வருடம்.