வீட்டிலேயே ஒரு இசை சர்வர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுமார் 400 சிடிக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஏற்றி, எந்த அறையிலிருந்தும் கேட்க ஆசை. பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி வாங்க வேண்டுமா?

பதில்: லேப்டாப்பே போதும். ஃபைலைப் படித்து நெட்வொர்க்கில் அனுப்புவதுதான் இசை சர்வரின் வேலை. பத்து வருடப் பழைய டூயல் கோர் பிராசஸரும் 4 ஜிபி ராமும் அதற்குத் தாராளம். பார்க்க வேண்டியது கரண்ட் செலவை. ஒரு வாட் இழுக்கும் கருவி வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட் ஆகும். திரை அணைந்த லேப்டாப் 10 முதல் 15 வாட் எடுத்தால் வருடத்துக்கு 90 முதல் 130 யூனிட். ராஸ்பெரி பை 4, டிஸ்க்கோடு சேர்த்து 6 வாட் என்றால் 53 யூனிட். பழைய டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தால் 438 யூனிட். அதனால் டெஸ்க்டாப்பை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, ஐகான், ஜன்னல் எல்லாம் காட்டும் டெஸ்க்டாப் சூழல் இல்லாமல் நிறுவுங்கள். மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும். லாகின்ட் கான்ஃப் (logind.conf) ஃபைலில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் (HandleLidSwitch) வரியை ‘இக்னோர்’ (ignore) என்று மாற்றினால் தூங்காது. பேட்டரி விஷயத்தில் கவனம் தேவை. 24 மணி நேரமும் சார்ஜில் இருக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். டச்பேட் அழுத்த முடியாமல் மேலே தூக்கினாலோ, அடிப்பாகம் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ உடனே அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்ற வேண்டும். நல்ல பேட்டரி என்றால், பயாஸில் (லேப்டாப் எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். கரண்ட் போனால் யுபிஎஸ் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்? இடத்தை மிச்சப்படுத்த எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். சிடியில் வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 10 எம்பி. ஒரு துளியும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அது ஏறக்குறைய 6 எம்பி. சராசரியாக 55 நிமிட சிடி என்றால் 330 எம்பி. 400 சிடிக்கு 132 ஜிபி. 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் 53 ஜிபி. வித்தியாசம் 80 ஜிபிதான். ஃபிளாக்கிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எம்பி3-லிருந்து திரும்ப முடியாது.

ஒரே 2 டிபி டிஸ்க்குக்குப் பதில் 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டாவது பேக்கப்புக்கு.

கேள்வி: சிடியிலிருந்து எடுத்துப் போட்டேன். ஒரே ஆல்பம் ஏழெட்டு ஆல்பமாகச் சிதறிக் கிடக்கிறது. சில பாட்டின் பெயர் கேள்விக்குறியாக வருகிறது.

பதில்: இந்த முயற்சியில் பாதி உழைப்பு இங்கேதான். நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து இதில் அவசரப்படாதீர்கள்.

12 பாட்டு, ஏழு பாடகர்கள் உள்ள ஆல்பம் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற டேக் (பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் விவரம்) காலியாக இருந்தால், சில சர்வர்கள் பாடகர் பெயரை வைத்துப் பிரித்து ஏழு ஆல்பமாகக் காட்டும். 12 ஃபைலிலும் அந்த டேக்கில் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையோ ‘பல்வேறு பாடகர்கள்’ என்றோ, போடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலுக்குப் பின் ஒன்றில் புள்ளி, இன்னொன்றில் இடைவெளி என்றிருந்தால் சர்வருக்கு அவர்கள் இரண்டு பேர். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான்.

கேள்விக்குறி வருவது எழுத்துக் குறியாக்கக் கோளாறு. எம்பி3 ஃபைலில் விவரம் எழுதும் முறைதான் ஐடி3; அதன் பழைய பதிப்பு 1 டேக்கில் தமிழ் எழுத்து நிற்காது. மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு, எம்பி3டேக் போன்ற மென்பொருளில் திறந்து, ஐடி3 பதிப்பு 2.3 ஆகவும் யூனிகோடாகவும் சேமியுங்கள். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்ட பெயரை மீட்க முடியாது. கையால்தான் அடிக்க வேண்டும்.

இனி எடுக்கும் சிடிக்களுக்கு, விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பியை ‘செக்யூர்’ முறையில் வைத்து, அக்யூரேட்ரிப் சோதனையையும் இயக்குங்கள். அதே சிடியை மற்றவர்கள் எடுத்த பதிவோடு உங்களுடையது ஒத்துப்போகிறதா என்று அது சொல்லிவிடும். பிழை வந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்து, மறுபடி முயலுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, டிரைவால் பிழையைத் திருத்த முடியாமல் போகும்.

கேள்வி: ராஸ்பெரி பை 4-இல் யுஎஸ்பி டிஸ்க் மாட்டியிருக்கிறேன். கரண்ட் போய் வந்த பிறகு லைப்ரரி காலி. எல்லாம் அழிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் ஒன்றும் அழிந்திருக்காது. ஸ்கேன் பட்டனை மட்டும் தொடாதீர்கள். டிஸ்க் இணைவதற்கு முன்பே சர்வர் மென்பொருள் எழுந்து, காலி ஃபோல்டரைப் பார்த்து, பாட்டெல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கும். முதலில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது சிஸ்டத்தோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் டிஸ்க்கை எஸ்டிஏ1 (sda1) போன்ற பெயரால் குறிக்காமல் யூயூஐடி (UUID) என்ற மாறாத அடையாள எண்ணால் குறியுங்கள். அந்தப் பெயர் அடுத்த முறை எஸ்டிபி1 ஆக மாறலாம். அதே வரியில் ‘நோஃபெயில்’ (nofail) சேர்த்தால் டிஸ்க் இல்லாதபோதும் பை எழுந்துவிடும். மவுண்ட் ஆன பிறகே சர்வர் தொடங்கும்படி, லினக்ஸில் மென்பொருள்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யிலும் (systemd) சொல்லிவிடுங்கள்.

டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால், திடீரென்று கரண்ட் போனபின் லினக்ஸ் அதை ஏற்க மறுக்கலாம், அல்லது படிக்க மட்டும் திறக்கலாம். லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 நல்லது.

டிஸ்க்கிலிருந்து ‘டிக்… டிக்…’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வருகிறதா? மின்சாரம் பற்றாமல் மறுபடி மறுபடி சுழலத் தொடங்குவதாக இருக்கலாம். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். போன் சார்ஜரை விட்டுவிட்டு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரையும், தனி மின் இணைப்புள்ள யுஎஸ்பி ஹப்பையும் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் டிஸ்க்கே பழுதாகிறது. முதல் வேலையாக பேக்கப் எடுங்கள்.

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

பதில்: பல அறைகளில் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் லிரியன். லாஜிடெக் மீடியா சர்வர் என்று முன்பு இருந்ததுதான் இது. போனில் மட்டும் கேட்பவருக்கு நாவிட்ரோம் போதும். வீடியோவும் உண்டென்றால் ஜெல்லிஃபின். மூன்றும் இலவசம்.

கேள்வி: வைஃபையில் பாட்டு நடுநடுவே அறுந்துபோகிறது. இன்டர்நெட் வேகத்தைக் கூட்டலாமா?

பதில்: பயனில்லை. பாட்டு வீட்டுக்குள்ளேயேதான் ஓடுகிறது. சிடி தர ஃபிளாக்குக்கு வினாடிக்கு 1 மெகாபிட் அளவே போதும். சர்வரும் பிளேயரும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாட்டும் ஒருமுறை சர்வரிலிருந்து ரவுட்டருக்கு, மறுமுறை ரவுட்டரிலிருந்து பிளேயருக்கு என்று காற்றில் இரண்டு தடவை போகிறது. சர்வரை மட்டுமாவது கேபிளால் ரவுட்டரில் மாட்டுங்கள். அப்படியே ரவுட்டரில் அதற்கு ஒரு நிரந்தர ஐபி முகவரியும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: பை 4-இன் ஹெட்போன் துளையில் இரைச்சல் கேட்கிறதே?

பதில்: அந்தத் துளையின் தரமே அவ்வளவுதான். டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் சாதாரண யுஎஸ்பி டாக் (DAC) ஒன்று மாட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை எழுதும் ரெய்டு 1 முறையில் போட்டால் தனி பேக்கப் வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். ரெய்டில் ஒரு டிஸ்க்கில் அழிப்பது அந்த நொடியே மற்றதிலும் அழியும். அது டிஸ்க் பழுதுக்கு மட்டுமே காப்பு. கை தவறி ஃபோல்டரை நீக்குவதற்கும், டேக் மென்பொருள் ஆயிரம் ஃபைலில் தவறான பெயர் எழுதிவிடுவதற்கும் அது உதவாது. இரண்டாவது டிஸ்க்கை மாதம் ஒருமுறை மாட்டி, ஆர்சிங்க் (rsync) என்ற மென்பொருள் கொண்டு நகலெடுத்து, கழற்றி வேறு அறையில் வையுங்கள். ஆர்சிங்க்கில் ‘டெலீட்’ விருப்பத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தவறாக அழித்தது பேக்கப்பிலும் போய்விடும். நகலெடுத்ததும் பேக்கப் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு ஆல்பத்தைத் திறந்து, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.