பிரவுனிக்குச் சோம்பல் இல்லை

கேள்வி: எங்கள் டாஷ்ஹண்ட் நாய் பிரவுனிக்கு நாலு வயது. வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மூன்று நாளாகச் செற்றியில் ஏறுவதில்லை, தூக்கினால் கத்துகிறது. சோம்பல் என்கிறார் கணவர். மாமி நல்லெண்ணெய் பூசி முதுகை உருவி விடுகிறார். பனடோல் கொடுக்கலாமா?
- வாசகி, கொழும்பு 6

பதில்: பனடோல் வேண்டாம், சகோதரி. மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். நாயின் ஈரலும் சிறுநீரகமும் அவற்றைத் தாங்காது. உருவுவதையும் இன்றே நிறுத்துங்கள்.

ஜெர்மனியில் வளைக்கரடி (badger) என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே புகுந்து மடக்க வளர்த்த இனம் இது. சோம்பலுக்கும் இதற்கும் வெகு தூரம். ஏற மறுக்கிறதென்றால் முதுகுத்தண்டில்தான் எனக்குச் சந்தேகம். காலைக் கட்டையாக்கும் அதே மரபணுக் கோளாறு, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டுகளையும் சிறு வயதிலேயே காய வைத்துவிடும். காய்ந்த தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய நாலைந்தில் ஒன்றுக்கு இது வருகிறது, பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள்.

என் நாய் சூட்டிக்கும் வந்தது. முதுகைக் கூனிக்கொண்டு நின்றாள். வயிற்றுவலி என்று நினைத்து, மிருக வைத்தியராக இருந்தும், ஒரு நாளைக் கடத்திவிட்டேன். மறுநாள் பின்னங்காலை இழுத்தாள். அந்த ஒரு நாள் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

ஆகவே நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். இதற்கிடையில் கால் தள்ளாடினாலோ, பாதம் மடங்கி இழுபட்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். விரலை அழுத்திக் கிள்ளியும் வலி தெரியாத நிலைக்குப் போய்விட்டால், அறுவை செய்தாலும் நடை திரும்பும் வாய்ப்பு பாதியளவுக்குக் குறைந்துவிடும்.

நடக்கிறது, வலி மட்டுந்தான் என்றால் பெரும்பாலும் கூட்டுக்குள் அடைத்து ஓய்வு கொடுப்பதே போதும். நாலு கிழமையாவது, சில வேளை ஆறு. ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் வெளியே. படியில் நடக்க விடாமல், ஒரு கை நெஞ்சுக்கும் மறு கை பின்புறத்துக்கும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள். கழுத்துப் பட்டி வேண்டாம், நெஞ்சுப் பட்டி வாங்குங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் உடம்பு கூடிவிட்டது என்று அர்த்தம். பட்டர் பூசிய பாண் துண்டுகள் கொடுப்பதென்றால் அதை நிறுத்த வேண்டும்.

கூட்டில் அடைத்தால் முதல் இரண்டு இரவு அழும். மாமி பக்கத்தில் இருந்து தலையைத் தடவிக் கொடுக்கட்டும். முதுகில் மட்டும் கை வைக்க வேண்டாம்.