சீசன் சொதப்பிய அணிக்கு பவுல் வெற்றியால் என்ன பயன்?
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வழக்கமான சீசன் 12 ஆட்டம். 6 ஜெயித்தால், டிசம்பர் வாக்கில் பெரும்பாலும் இரு அணிக்கும் பொதுவான மைதானத்தில் இன்னொரு ஆட்டத்துக்குத் தகுதி. அதுதான் பவுல். 6-6 என்று தடுமாறிய அணி அதில் ஜெயித்தால் 7-6; தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று தலை நிமிரலாம்.

ரசிகர்கள் மோதிக்கொள்வது எதிரணியில் யார் ஆடினார்கள் என்பதில்தான். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போகவிருக்கும் நட்சத்திரங்கள் காயத்துக்குப் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். 2016இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி சன் பவுலில் இறங்கவில்லை. வகுப்பின் முதல் மூன்று பேர் லீவு போட்ட அன்று நடந்த பரீட்சையில் முதல் ரேங்க் வாங்குவது மாதிரி: மார்க் நிஜம், ரேங்க்தான் சந்தேகம்.

என்னைக் கேட்டால், வெற்றியைவிடப் பெரிய லாபம் டிசம்பரில் கிடைக்கும் கூடுதல் பயிற்சி நாட்கள். அடுத்த வருஷத்துக்கான பையன்களை அப்போதே பழக்கலாம்.

பவுலில் ஜெயித்தால் அடுத்த சுற்று என்று நினைக்க வேண்டாம்; சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் சேராத பவுல் என்றால் அதோடு சீசன் முடிந்தது.