வயசானவர்களும் போனும்: நர்ஸ் அக்காவிடம் கேட்டவை

(அக்கா தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டவுன் கிளினிக், கிராமத்து கிளினிக் இரண்டிலும் வேலை பார்த்தவர்.)

கே: அக்கா, இணையம் பார்க்கும் பெரியவர்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, கிராமத்தில் இன்னும் பலன் என்கிறார்களே. டோங்காட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கித் தரலாமா?

ப: தாராளமாக, பேத்தி முகத்தைப் பார்த்துப் பேச. சர்க்கரை குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். கண் தெரிகிற, கை நடுங்காத, கையில் நாலு காசு இருக்கிற ஆள்தான் இணையத்துக்கே வருகிறார், அப்புறம் அவர் திடமாக இருப்பதற்குப் போனைக் காரணம் சொன்னால் எப்படி? ம்புமலாங்கா மாகாணத்தின் அகின்கோர்ட் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,059 பேரை 2014-15இல் சேர்த்துத் தொடர்ந்து பார்த்துவரும் ஹால்சி ஆய்வு மாதிரி, அதே ஆட்களைப் பல வருடம் கவனித்தால்தான் எது முன்னே எது பின்னே என்று ஓரளவாவது பிரிக்க முடியும்.

கே: அப்பா உம்சிண்டோவைத் தாண்டி, கரும்புக்காட்டுக்குள் இருக்கிறார். டேட்டா பிடிக்காது. பிரஷர் மாத்திரைக்கு அரைநாள் வரிசையில் நிற்கிறார். ஏதாவது ஆப் உண்டா?

ப: ஆப் எதற்கு? பட்டன் போன் போதும். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் ‘டப்லாப் மெட்ஸ்’ திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று கிளினிக் சிஸ்டரிடம் கேளுங்கள். மருந்து பார்மசி போன்ற ஓர் இடத்துக்கு வரும், வந்ததும் எஸ்எம்எஸ் வரும். ஆனால் அந்த இடம் அப்பா வீட்டுக்குக் கிட்டே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், டாக்ஸிக்கே பென்ஷன் கரைந்தால் என்ன லாபம்! 2021 ஏப்ரலில் 60 தாண்டியவர்களுக்குக் கோவிட் ஊசிப் பதிவு தொடங்கியபோதும் *134*832# அடித்து, இணையமே இல்லாமல் பதிய வழி இருந்தது. கிராமத்துக்கு இந்த மாதிரி ஏற்பாடுதான் வேண்டும்.

கே: சாட்ஸ்வர்த்தில் தாத்தா வாட்ஸ்அப் வீடியோ பார்த்து, பாகற்காய் ஜூஸ் குடித்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார்.

ப: இன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப் போங்கள், மிச்ச மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு. பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடட்டும், மாத்திரைக்கு அது ஈடில்லை. திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த வீடியோவை ஒளித்துவைத்துப் பார்ப்பார். டவுனில் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது, இந்த மாதிரி வீடியோவும் சேர்ந்துதான் வருகிறது.

கே: டேட்டா யானை விலை குதிரை விலை விற்கிறதே அக்கா?

ப: கம்பெனிகளின் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2019இல் அறிக்கை விட்டுக் கண்டித்த பிறகு, 2020 ஏப்ரலில் வோடகாம், எம்டிஎன் என்ற போன் கம்பெனிகள் ஒரு ஜிபியை 149 ராண்டிலிருந்து 99க்கு இறக்கின. சின்னச் சின்னதாக வாங்குகிறவருக்குத்தான் ஒரு எம்பிக்கு அதிகம் விழுகிறது என்று அந்த அறிக்கையே சொன்னது, அப்படி வாங்குகிறவர்கள் பென்ஷன்காரர்கள்தானே. பாட்டி போனில் வாட்ஸ்அப் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள்.